தணிக்கைச் சட்டமே இல்லாத ஊரில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்பானிய மொழிப் பத்திரிகைகள் பற்றிய உங்கள் கட்டுரையில், மெக்சிகோவில் எழுத்துச் சுதந்திரத்தை அரசியல் சாசனமே கொடுத்திருந்தது என்று ஒரு வரி வந்தது. ஆனால் பிஆர்ஐ என்ற ஒரே கட்சி 1929 முதல் 2000 வரை அங்கே ஆண்டிருக்கிறது. அத்தனை காலமும் பத்திரிகைகள் அடக்கி வாசித்தது எப்படி? மிரட்டலா, கவரா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்,

இரண்டும் உண்டு. ஆனால் எனக்கு அவற்றைவிட சுவாரசியமாகப் படுவது தாள்தான்.

1935-ல் ஜனாதிபதி கார்டெனாஸ் ஆட்சியில் பிப்சா என்ற அரசு நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. நியூஸ்பிரின்ட் வியாபாரம் அதன் கைக்குப் போனது. பத்திரிகை முதலாளிகள் எதிர்த்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? வரவேற்றார்கள். மலிவு விலை, அதிலும் கடனுக்கு. பாக்கி ஏற ஏற வாயும் தானாக அடங்கியது. பிடிக்காததை எழுதினால் யாரும் வந்து பூட்டுப் போட வேண்டியதில்லை. தாளை நிறுத்திவிடுவார்களோ, பழைய பாக்கியைக் கேட்பார்களோ என்ற நினைப்பே போதும். போதாததற்கு அரசு விளம்பரம் வேறு. பல தினசரிகள் அதில்தான் வண்டி ஓட்டின. தணிக்கை அதிகாரி என்று ஒருவர் இருந்தால் அவரைத் திட்டவாவது முடியும். இங்கே அதுவும் இல்லை.

எக்ஸெல்சியோர் கதையைச் சொன்னால் விளங்கும். 1917-ல் தொடங்கிய தினசரி, பிறகு தொழிலாளர் கூட்டுறவாக மாறியது. 1968-ல் ஹூலியோ ஷெரர் ஆசிரியரானதும் அதன் குரல் மாறி விமர்சனம் கூடியது. 1972-ல் கடுப்பான தனியார் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து விளம்பரத்தை நிறுத்தின. அப்போது அரசு விளம்பரம் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர் யார் தெரியுமா? ஜனாதிபதி எச்செவெரியா. நாலே வருஷத்தில் ஷெரர் வெளியேற்றப்பட்டதன் பின்னணியில் இருந்தவரும் அவர்தான் என்பதே பரவலான கருத்து. ஷெரரைத் துறவி போல எழுதுகிறவர்கள் இந்த 1972 சமாச்சாரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எனக்கென்னவோ அதுதான் முக்கியமான இடம். கை கொடுத்தவனால் கையை எடுக்கவும் முடியும்.

1976 ஜூனில் கூட்டுறவுக்குச் சொந்தமான நிலத்தில் திடீரென்று ஆட்கள் குடியேறினார்கள். கூட்டி வந்தவர் ஆளுங்கட்சிக்காரர். போலீஸ் வேடிக்கை பார்த்தது. உள்ளே ஷெரருக்கு எதிரான கோஷ்டி கிளம்பியது. அவருக்கு ஆதரவாக எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட ஒரு முழுப்பக்க அறிக்கை ஜூலை 8 இதழில் 22-ஆம் பக்கத்தில் வர வேண்டியது. அச்சுக்குப் போகும்போது அதை எடுத்துவிட்டார்கள். பக்கம் வெள்ளையாகவே வந்தது. அன்று நடந்த கூட்டுறவு உறுப்பினர் கூட்டத்தோடு ஷெரர் வெளியே. கூடவே பெரிய கூட்டமாகச் சக ஊழியர்களும் இறங்கி மெக்சிகோ நகரின் ரிஃபோர்மா சாலையில் நடந்தார்கள். சட்டப்படி பார்த்தால் எல்லாம் சுத்தம்: ஒரு கூட்டுறவு தன் ஆசிரியரை மாற்றியது, அவ்வளவுதான்!

வெளியே வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. நண்பர்களிடமும் வாசகர்களிடமும் பணம் திரட்டி நவம்பர் 6-ஆம் தேதி ப்ரோசெசோ வார இதழைக் கொண்டுவந்தார்கள். எச்செவெரியா பதவியை விட்டு இறங்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அவர் இருக்கும்போதே வெளிவந்தாக வேண்டும் என்ற வீம்பு. எக்ஸெல்சியோர் நடத்திய ப்ளூரல் என்ற மாத இதழின் ஆசிரியர் ஆக்டேவியோ பாஸ், டில்லியில் மெக்சிகோ தூதராக இருந்து, 1968-ல் தன் அரசு நடத்திய மாணவர் படுகொலைக்காகப் பதவியை உதறியவர். அவரும் விலகி வுவெல்த்தா என்ற இதழைத் தொடங்கினார். அடுத்த வருஷம் உனோமாசுனோ என்ற தினசரி, அதிலிருந்து பிரிந்தவர்களால் 1984-ல் லா ஹோர்னாதா. ஒரு ஆசிரியரை வெளியேற்றப் போய் இத்தனை பத்திரிகை!

ஆனால் பழைய ஆயுதம் அப்படியே இருந்தது. 1982-ல் ப்ரோசெசோவுக்கு அரசு விளம்பரத்தை நிறுத்தியபோது ஜனாதிபதி லோபஸ் போர்த்தீயோ வெளிப்படையாகவே கேட்டார்: காசும் கொடுத்து அடியும் வாங்க வேண்டுமா என்று. அதுவும் பத்திரிகைச் சுதந்திர தின விழாவில்.

பிப்சாவை 1990-களின் கடைசியில் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். ஷெரரின் நாற்காலியில் உட்கார்ந்த ரெஹினோ தியாஸ் ரெதோந்தோ 24 வருஷம் அசையவில்லை. 2000 ஜூலையில் பிஆர்ஐ தோற்றது. அக்டோபரில் அதே கூட்டுறவுக்காரர்கள் அவரையும் இறக்கினார்கள்.