மோனத்தில் புகுந்த காந்தாரம்

அன்புள்ள சார்,

மும்பை நண்பர்களோடு சேர்ந்து கர்நாடக சங்கீதப் புதிர்களை விடுவிப்பது பற்றிச் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த என் மகன், அதே மாதிரி ஒரு வாட்ஸாப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆறு குறிப்புகள் வரும். ஏழே காலுக்குள் இரண்டு மூன்று பேர் விடை சொல்லிவிடுகிறார்கள். நான் பாட்டு வகுப்பில் வர்ணம் வரை கற்றுக்கொண்டவள். கல்யாணமாகி டோம்பிவிலிக்கு வந்தபிறகு பாட்டு நின்றுபோயிற்று. இத்தனை வாரங்களில் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். ‘அன்னத்தின் குரல்’ என்று கேட்டிருந்தார்கள், ஹம்சத்வனி ராகம் என்றேன்.

தஞ்சாவூரில் இருக்கும் என் அக்காவிடம் இதைச் சொன்னேன். “பாட்டைக் கேட்டு உருகுகிறதை விட்டுவிட்டு அதற்குள்ளே போய்க் கணக்குப் போடுகிறாயே” என்றாள். அவள் சொல்வது சரிதானா? என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்கள் இதில் இருக்கலாமா?

டோம்பிவிலி வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

இருங்கள், தயவுசெய்து விலகிவிடாதீர்கள்.

உங்கள் அக்கா கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி. எனக்கும் அந்தச் சந்தேகம் நெடுநாள் இருந்தது. அது தீர்ந்தது ஒரு குறிப்பினால். எங்கள் குழுவில் மாடுங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் போட்ட குறிப்பு அது: ‘வேதத்தில் நான்காவது, அதர்வணம் அல்ல.’ அவ்வளவுதான். காலை முழுக்க ஒருவரும் அசையவில்லை. முலுண்டில் இருக்கும் மிருதங்கக்காரர்தான் நூலைப் பிடித்தார். மேளகர்த்தா, சுருக்கமாக மேளம், என்பது தாய் ராகம். 72 மேளகர்த்தாக்களும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் அடங்கும். சக்கரங்களுக்கு இந்து, நேத்ர, அக்னி, வேத என்று பெயர். சந்திரன் ஒன்று, கண் இரண்டு, அக்னி மூன்று, வேதம் நான்கு என்று பெயரே எத்தனையாவது என்று சொல்லிவிடும். வேத சக்கரத்தில் 19 முதல் 24 வரை. அதில் நான்காவது 22, கரஹரப்பிரியா.

சரி, விடை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வழக்கப்படி ஒருவர் கடபயாதி வைத்துச் சரிபார்த்தார். வடமொழி எழுத்து வரிசையில் ஓர் எழுத்து எத்தனையாவதோ அதையே அதற்கு எண்ணாகக் கொள்ளும் பழைய முறை அது. மேளத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளுக்கும் எண் கண்டு, திருப்பிப் போட்டால் அது எத்தனையாவது மேளம் என்று தெரியும். மாயாமாளவகௌளையில் ‘மா’ 5, ‘யா’ 1, திருப்பினால் 15. அதே மாதிரி கரஹரப்பிரியாவில் ‘க’ 1, ‘ர’ 2, திருப்பினால் 21 என்று அவர் சொன்னார். 21 என்பது கீரவாணி! அரை மணி நேரம் வாக்குவாதம். நானும் கீரவாணி பக்கம்தான் நின்றேன்.

முடித்துவைத்தது தானேயில் இருக்கும் ஒரு பெண். மராத்திப் பள்ளியில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், குழுவில் பெரும்பாலும் மௌனமாக இருப்பாள். குரல் செய்தி அனுப்பினாள்: “அங்கிள், அது முதல் க இல்லை, ரெண்டாவது க.” தேவநாகரியில் க வரிசையில் நான்கு எழுத்து, நமக்கு ஒன்றே ஒன்று. கீரவாணியில் வருவது முதல் க, கரஹரப்பிரியாவில் இரண்டாவது, கௌரிமனோகரியில் மூன்றாவது. மூன்றிலும் அடுத்த எழுத்து ர வரிசைதான். ஆகவே 21, 22, 23. தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. நாற்பது வருஷம் கச்சேரி கேட்ட எங்களுக்கு இது தெரியவில்லை. பள்ளியில் க வரிசையை உருப்போட்ட அவளுக்குத் தெரிந்தது. அரைகுறை என்று உங்களைச் சொல்லிக்கொண்டீர்களே, அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறது என்று புதிர் வரும்வரை தெரியாது.

அப்புறம் நடந்ததுதான் அக்காவுக்கான பதில். அன்று ராத்திரி போனில் சுருதியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று ராகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிப் பார்த்தேன். ச ரி க ம ப வரை மூன்றுக்கும் ஒரே பாதை. பஞ்சமத்தை, அதாவது ப-வைத் தாண்டினால், தைவதமும் (த) நிஷாதமும் (நி) எந்த வகை என்பதில் பிரிகின்றன. கீரவாணிக்குச் சுத்த தைவதம், காகலி நிஷாதம். கரஹரப்பிரியாவுக்குச் சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கௌரிமனோகரி தைவதத்தைக் கரஹரப்பிரியாவிலிருந்தும் நிஷாதத்தைக் கீரவாணியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இது புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் பஞ்சமத்தில் நின்று, எந்தப் பக்கம் திரும்பினால் எந்த ஊர் என்று காதால் அறிந்தது அன்றுதான். எல்லோரும் படுத்த பிறகு தாழ்ந்த குரலில் கௌரிமனோகரியின் தைவதத்தைத் தொட்டேன். அது கீரவாணியின் தைவதம் இல்லை என்று உடம்புக்கே தெரிந்தது. உருகுவதற்குக் கணக்கு தடையாக இருந்தால் அன்று நான் உருகியிருக்க முடியாது.

இன்னொன்றையும் அக்காவிடம் சொல்லுங்கள். பாட்டுக்குள் புதிர் வைத்தவர்கள் நாமல்ல, சொல்லும் மெட்டும் அமைத்த வாக்கேயக்காரர்கள். முத்துசுவாமி தீட்சிதர் ராகத்தின் பெயரைச் சாகித்தியத்துக்குள் பொதிந்து வைப்பார். ‘ஸ்ரீ விச்வநாதம்’ என்ற அவருடைய ராகமாலிகையில் 14 ராகங்கள். பெயர்களை வரிகளுக்குள் தேட வேண்டும். முதல் சொல்லான ‘ஸ்ரீ’யே முதல் ராகத்தின் பெயர்! மகா வைத்தியநாத ஐயர் 72 மேளங்களையும் பெயரோடு கோத்து ஒரே ராகமாலிகையாகச் செய்தார். பக்தி குறைந்தா இதையெல்லாம் செய்தார்கள்? பெயரைக் கண்டுபிடிக்கும் அந்தக் கணத்தில் ராகமும் காதில் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாப் புதிரையும் நான் ஆதரிக்கவில்லை. எந்த வித்வானுக்கு எந்த வருஷம் எந்த விருது என்று கேட்பவை எனக்குப் பிடிப்பதில்லை. அவற்றைத் தேடி எடுத்துப் போட்டால் முடிந்தது, காதுக்கு வேலையே இல்லை. ஏழே காலுக்குள் விடை வருகிறது என்கிறீர்களே, உங்கள் குழுவில் அந்த மாதிரிக் குறிப்புகள் அதிகமோ என்று சந்தேகப்படுகிறேன். எங்கள் குழுவில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மாலை ஆறு மணி வரை யாரும் இணையத்தில் தேடக் கூடாது. விடை தப்பாக இருந்தாலும், எப்படி யோசித்தீர்கள் என்பதோடு அனுப்ப வேண்டும். தப்பான விடைகள்தான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன, மேலே சொன்ன 21 போல. இதை உங்கள் குழுவிலும் சொல்லிப் பாருங்கள்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ‘மோனத்தில் காந்தாரம் புகுந்தது, ஐந்து சுரம் போதும் (4).’ கடைசியில் உள்ள 4 விடையின் எழுத்து எண்ணிக்கை. மோனம் என்ற சொல்லுக்குள், காந்தாரம் என்ற மூன்றாவது சுரத்தின் எழுத்தான ‘க’வை வையுங்கள்: மோகனம். ஐந்து சுர ராகம். இதைப் போட்டவர் வாஷியில் இருக்கும் ஒரு மாமி. சொல்லும் சுரமும் இவ்வளவு இயல்பாகப் பொருந்தி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மோகனத்தில் காந்தாரம் ஒலிக்கும்போது ஒரு மௌனம் உடைவது போலத்தானே இருக்கிறது?

அடுத்த வாரமே அதைத் தொடர்ந்து இன்னொன்று போட்டார்: ‘மோகனத்தின் காந்தாரத்தில் உட்கார்ந்தால் ஊஞ்சல்.’ இதற்குக் கிரகபேதம், அதாவது ராகத்தின் வேறொரு சுரத்தை ஷட்ஜமாக (ச) வைத்து இன்னொரு ராகம் காண்பது, தெரிய வேண்டும் என்று பயப்படாதீர்கள். வீட்டில் குழந்தைகளின் கீபோர்டு இருந்தால் போதும். கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டமாக இருக்கும். மூன்று சேர்ந்த கூட்டத்தில் முதல் கட்டையை ஷட்ஜமாக வைத்து, கருப்பில் மட்டும் மேலே போங்கள். மோகனம் வரும். இப்போது அதே கூட்டத்தின் மூன்றாவது கட்டையில் தொடங்குங்கள், அதுதான் மோகனத்தின் காந்தாரம். அதே ஐந்து கட்டைகள், ஆனால் கேட்பது ஹிந்தோளம். ஹிந்தோளம் என்றால் வடமொழியில் ஊஞ்சல். நடுவிலிருக்கும் இரண்டாவது கட்டையில் தொடங்கினால் மத்தியமாவதி. வர்ணம் வரை வந்தவருக்கு இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. செய்து பார்த்துவிட்டு அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதுங்கள்.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன ஓய்வு இருக்கும்? குறிப்புகளை எழுதி வைத்துக்கொண்டு வார நாளில் யோசியுங்கள். டோம்பிவிலியிலிருந்து தாதர் வரும் லோக்கலில் எனக்குப் பல விடைகள் கிடைத்திருக்கின்றன. பக்கத்துப் பெட்டியில் பஜனை நடந்தால் இன்னும் நல்லது. குழுவில் தாமதமாகச் சொன்னாலும் சொல்லுங்கள். புதன்கிழமை வரும் விடையைத்தான் நாங்கள் ஆவலோடு படிக்கிறோம், அதற்குள் அவசரக்காரர்கள் அடங்கியிருப்பார்கள்.

நான் போட்ட குறிப்பு ஒன்றை உங்களுக்கென்று வைத்திருக்கிறேன். எங்கள் குழுவுக்குக்கூட இன்னும் அனுப்பவில்லை:

‘காதில் கிடந்தது உயிர் மாறி அடகுக்குப் போனது (2).’

உயிர் என்பதை இலக்கண வகுப்பில் சொன்ன உயிராக எடுத்துக்கொள்ளுங்கள். அடகு விஷயம் தஞ்சாவூர் அரசவையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு பழைய கதை. உங்களுக்குத் தெரியாவிட்டால் அக்காவுக்குப் போன் போடுங்கள். அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.