பழைய படத்தில் நிற்கும் கார் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் பாட்டையா ஒரு காரின் மட்கார்டில் கை வைத்து நிற்கும் படம் வீட்டு முகப்பில் தொங்குகிறது. அது ரோல்ஸ் ராய்ஸ் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். முன்பக்கப் பெயர் தெளிவாக இல்லை. படத்தின் நகலை இணைத்துள்ளேன். உண்மையில் அது எந்தக் கார்?
– காரைக்குடி வாசகர்

படத்தில் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் அல்ல, ஃபோர்டு மாடல் டி. பெயர்ப் பகுதி மங்கியிருப்பதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஏனெனில் இந்தக் காரை உறுதிப்படுத்தும் சான்றுகள் கீழே, சக்கரங்களுக்கு இடையில் இருக்கின்றன. முன் அச்சுக்கு மேலே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், வண்டியின் குறுக்காக, இடச் சக்கரத்திலிருந்து வலச் சக்கரம் வரை வளைந்து செல்வதைப் பாருங்கள். அக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்புறம் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள், பக்கத்துக்கு ஒன்றாக, வண்டியின் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருக்கும். குறுக்கு ஸ்பிரிங்கை ஃபோர்டு நிறுவனம் 1948 வரை விடாமல் வைத்திருந்தது. அதோடு மரச் சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணினால் பன்னிரண்டு வருகிறது, மாடல் டியின் சக்கரத்திலும் அதே எண்ணிக்கைதான். ரோல்ஸ் ராய்ஸின் ரேடியேட்டரோ கிரேக்கக் கோயிலின் முகப்பைப் போல உச்சியில் சரிவும் ஓரங்களில் கூர்மையான விளிம்பும் கொண்டது. எவ்வளவு மங்கிய படத்திலும் அந்த வடிவம் மறையாது. உங்கள் படத்தில் இருப்பது தோள்கள் வளைந்த, தாழ்வான ரேடியேட்டர்.

காலத்தையும் ஓரளவு நெருங்கிச் சொல்லலாம். மாடல் டி 1908 முதல் 1927 வரை, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியானது. 1916 வரை வந்தவற்றின் ரேடியேட்டர் பித்தளையால் ஆனது, கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பளிச்சென்று மின்னும். 1917 மாடலிலிருந்து அதன் மேல் கறுப்பு வண்ணக் கூடு வந்தது. உங்கள் படத்தில் கூடு கறுப்பு, முன் கண்ணாடி சாயாமல் செங்குத்தாக நிற்கிறது. ஆகவே 1917க்கும் 1920களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட வண்டி என்று கொள்வதே பொருத்தம். இந்தியாவில் ஃபோர்டின் துணை நிறுவனம் 1926இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரும் பின்னரும், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகள் பலவற்றுக்கு வலப்புற ஸ்டியரிங் கொண்ட ஃபோர்டு கார்களை அனுப்பி வந்தது அதன் கனடா நிறுவனம். உங்கள் பாட்டையாவின் வண்டியும் கனடாவில் உருவாகியிருக்கவே வாய்ப்பு மிகுதி.

ரோல்ஸ் ராய்ஸ் இல்லை என்று தெரிந்தால் வீட்டில் சிலருக்கு மனம் வாடும் என்பதை அறிவேன். ஆனால் மாட்டு வண்டித் தடங்களில் ஓடுவதற்கென்றே உயரமாகவும் இலேசாகவும் செய்யப்பட்ட, உள்ளூர்க் கொல்லரே பழுது பார்க்கக்கூடிய அந்த வண்டியை 1920 வாக்கில் ஒருவர் தேர்ந்தெடுத்திருந்தால் அவர் விவரம் அறிந்தவர். ஒரு படம் நிரூபிப்பது ஒன்று, குடும்பம் சொல்லி வருவது இன்னொன்று. படத்தின் பின்புறத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

என் பெரியப்பா காரோட்டும் படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. அவர் அமெரிக்கா சென்றதாக யாரும் சொன்னதில்லை. இது எப்படி?
– கோவை வாசகி

அமெரிக்காவைத் தேட வேண்டாம், படம் இடவலமாக மாற்றி அச்சிடப்பட்டுள்ளது. நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் இப்படி நேரும், ஸ்கேன் செய்யும்போதும் நேரலாம். பெரியப்பாவின் சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது, பின்னால் நிற்கும் பெண்மணியின் சேலைத் தலைப்பு வலது தோளில் விழுகிறது, நம்பர் பிளேட்டின் எழுத்து எதிர்ப்பக்கம் பார்க்கிறது. கணினியில் படத்தைத் திருப்பிப் பாருங்கள், மூன்றும் ஒருசேரச் சரியாகிவிடும். எந்தப் படத்தையும் ஆராயும் முன்பு இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தை நம்பி நாட்டையே தவறாகக் கணிப்பவர்கள் பலர்.

ஐயா, நல்லூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா ஒரு சிறிய மோட்டார் காருடன் நிற்கும் படத்தின் பின்புறம் 1961 என்று எழுதப்பட்டுள்ளது. அந்தக் கார் 1955ஆம் ஆண்டுக்குரியது, ஆகவே எழுதிய ஆண்டு பிழை என்று மச்சான் ஒருவர் சொல்கிறார். இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் உள்ளன. எவர் சொல்வது சரி?
– டொராண்டோவில் வாழும் யாழ்ப்பாண வாசகர்

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். கார் வந்த ஆண்டு, அந்த ஆண்டுக்கு முன்னால் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு கழித்து எடுக்கப்பட்டது என்பதைக் கார் சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் குடும்பங்களில் வீண் வழக்குகள் எழுகின்றன.

உங்கள் கார் மாரிஸ் மைனர். அதன் வரலாற்றில் கண்ணால் பார்த்தே பிரிக்கக்கூடிய கட்டங்கள் உண்டு. 1948இல் வெளிவந்தபோது ஹெட்லைட்டுகள் கிரில்லுக்குள் தாழ்வாக இருந்தன, பின்னர் அவை மட்கார்டின் மேற்பகுதிக்கு ஏறின. 1954 அக்டோபரில் கிரில் மாறி, தடித்த கிடைப் பட்டைகள் வந்தன. 1956இல் மைனர் 1000 வந்தபோது, நடுவில் கம்பியால் இரண்டாகப் பிரிந்திருந்த முன் கண்ணாடி போய், வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. உங்கள் படத்தில் கிடைப் பட்டைக் கிரில்லும் பிரிந்த கண்ணாடியும் ஒருசேர இருக்கின்றன. அப்படியானால் கார் 1954 இறுதிக்கும் 1956க்கும் நடுவே தயாரானது. மச்சானின் கணிப்பு நன்று.

இலக்கத் தகடும் அதையே உறுதிப்படுத்துகிறது. அந்த இரண்டு எழுத்துகள் சிலோன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. 1950களின் பிற்பாதியில் அம்முறை கைவிடப்பட்டு, சிங்கள ஸ்ரீ எழுத்து தகட்டில் புகுத்தப்பட்டது. 1958இல் வடக்கில் நடந்த ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டமும், தார் பூசி அழிக்கப்பட்ட எழுத்துகளும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கும். உங்கள் தகட்டில் ஸ்ரீ இல்லாததால், கார் அந்த மாற்றத்துக்கு முன்பே பதிவானது.

இனி 1961ஐப் பார்ப்போம். அதைக் காரைக் கொண்டு மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. படத்தில் அப்பாவின் கால்களைப் பற்றி நிற்கும் குழந்தை யார், எந்த ஆண்டில் பிறந்தவர் என்பதே அதற்குரிய சான்று. யாழ்ப்பாணத்தில் ஒரு மாரிஸ் மைனர் ஆறு வயதில் பழையதாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காதபோது, மண்ணெண்ணெயில் ஓடி நோயாளிகளையும் மணமக்களையும் சுமந்தவை இந்தத் தலைமுறை மாரிஸ், ஆஸ்டின் கார்கள்தாம்.

பெற்றோரின் திருமண ஊர்வலக் காரை நான் அம்பாசடர் என்கிறேன், அண்ணன் லேண்ட்மாஸ்டர் என்கிறார்.
– மதுரை வாசகர்

அண்ணன் சொல்வதே சரி. இரண்டும் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தவை, இரண்டுக்கும் மூலம் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. லேண்ட்மாஸ்டர் அதன் இரண்டாம் வரிசையிலிருந்தும், அம்பாசடர் மூன்றாம் வரிசையிலிருந்தும் வந்தன. கூரையும் கதவுகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பூமாலைகளுக்கு நடுவே குழப்பம் வருவது இயல்பு. பின் மட்கார்டின் உச்சியைப் பாருங்கள். அம்பாசடரில் அது சிறு துடுப்பாக எழும், லேண்ட்மாஸ்டரில் உருண்டு இறங்கிவிடும். அம்பாசடரின் ஹெட்லைட்டுகளுக்கு மேலே புருவம்போல் நீண்ட விளிம்பும் உண்டு. உங்கள் படத்தில் இரண்டுமே இல்லை.

பாட்டியின் பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தெளிவாக்கி வண்ணமும் ஏற்றினோம். ரேடியேட்டரில் இப்போது எழுத்துகள் தெரிகின்றன, கார் பச்சை நிறத்தில் வந்துள்ளது. ஆனால் நீல நிறக் கார் என்பதே பாட்டியின் நினைவு. தெளிவாக்கிய படத்தை அனுப்பியுள்ளோம்.
– சேலம் வாசகி

அன்புகூர்ந்து மூலப் படத்தை அனுப்புங்கள். தெளிவாக்கிய படத்தை வைத்து எந்தக் காரையும் அடையாளம் காண நான் உடன்பட மாட்டேன். அத்தகைய செயலி படத்தில் மறைந்திருப்பதை வெளியே கொண்டு வருவதில்லை. தான் கற்ற ஆயிரமாயிரம் படங்களை வைத்து, அந்த இடத்தில் என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்துப் புதிதாக வரைகிறது. நீங்கள் அனுப்பியதில் பானெட்டின் காற்றுப் பிளவுகள் ஒரு பக்கம் ஒரு வகையாகவும் மறுபக்கம் வேறு வகையாகவும் இருக்கின்றன, ரேடியேட்டரில் தெரியும் எழுத்துகள் எந்த மொழிக்கும் உரியவை அல்ல. பிளவுகளின் எண்ணிக்கை, சக்கர மூடியின் வடிவம், கதவின் கீல் முன்புறமா பின்புறமா என்பன போன்ற நுண்ணிய குறிகளை வைத்தே நாங்கள் ஆண்டைக் கணிக்கிறோம். செயலி முதலில் அழிப்பதும் அவற்றைத்தான். மங்கல் ஒரு குறையே அல்ல, பொய்த் தெளிவுதான் கேடு.

நிறத்தைப் பொறுத்தவரை பாட்டியின் நினைவையே நம்புங்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை மீட்க வழியில்லை. சிவப்பு ஒளியை உணராத பழைய ஃபிலிம்களில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதியும். உங்கள் படம் அத்தகைய ஃபிலிமில் எடுக்கப்பட்டிருந்தால், அதில் வெண்மையாகத் தெரியும் உடற்பகுதி நல்ல நீலமாகவே இருந்திருக்கலாம்.

வாப்பா பினாங்கில் வேலை பார்த்த காலத்துப் படம் இது என்று நினைக்கிறோம். காரின் பின்பகுதி மட்டுமே தெரிகிறது, தகட்டில் பி என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. இதைக் கொண்டு ஏதேனும் அறிய முடியுமா?
– நாகூர் வாசகர்

ஊரை அறிய முடியும், ஆனால் ஒரு நிபந்தனையுடன். தமிழில் நாம் பி என்று எழுதும் ஆங்கில எழுத்துகள் இரண்டு. ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தானால் அது சிலாங்கூர் மாநிலப் பதிவு, பதினாறாம் எழுத்தானால் பினாங்கு. நீங்கள் அனுப்பிய நகலில் அந்த எழுத்தின் கீழ்ப்பாதி மடிப்பில் சிக்கியிருப்பதால் இரண்டில் எது என்று பிரிக்க இயலவில்லை. மூலப் படத்தை 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, ஓரங்களை வெட்டாமல், பின்புறத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் எழுத்தைவிட அதுவே விரைவாக ஊரைச் சொல்லிவிடும். காரின் தயாரிப்பு நிறுவனத்தைக் கண்டுபிடிக்கப் பின் விளக்கின் வடிவமும் பம்பரைத் தாங்கும் இரும்பும் வேண்டும், இப்போதைய நகலில் அந்தப் பகுதி வெட்டப்பட்டுள்ளது.