போர்க் கைதி என்ற பெயர்

அன்புள்ள ஐயா,

என் அண்ணா புலிகள் இயக்கத்தில் இருந்தவர். 2008இல் கொழும்பில் பிடிபட்டு, பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கில் தண்டனை பெற்று, 2019இல்தான் வெளியே வந்தார். “யுத்தம் முடிந்தால் போர்க் கைதிகளை விட வேண்டும் என்பது ஜெனீவாச் சட்டம்தானே, மாமாவை 2009 மே மாதமே விட்டிருக்க வேண்டாமா?” என்று என் மகன் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்), தெகிவளை

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் சொல்லும் விதி இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 118ஆம் உறுப்புரை: சண்டை ஓய்ந்ததும் போர்க் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்து ஊருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கானது. ஒரே நாட்டுக்குள் அரசும் ஆயுதக் குழுவும் மோதும்போது ‘போர்க் கைதி’ என்ற அந்தஸ்து சட்டத்தில் இல்லை. போர்க் கைதியை ஆயுதம் ஏந்திய குற்றத்துக்காக மட்டும் தண்டிக்க முடியாது. தம்மை எதிர்த்துக் கிளம்புகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுக்க அரசுகள் சம்மதிக்கவில்லை. இதை உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இல்லாத உரிமையைப் பிடித்துக்கொண்டு, இருக்கும் உரிமையை நாம் கைவிட்டுவிடக் கூடாது.

இருப்பது பொது உறுப்புரை 3. நான்கு உடன்படிக்கைகளிலும் வருவதால் அந்தப் பெயர். ஆயுதத்தைக் கீழே வைத்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் எவரையும் கொல்லவோ வதைக்கவோ இழிவுபடுத்தவோ கூடாது. முறையான நீதிமன்றம் இன்றியமையாத நீதிப் பாதுகாப்புகளோடு விசாரிக்காமல் தண்டிக்கவும் கூடாது என்கிறது அது. இலங்கை 1959இலேயே இந்த உடன்படிக்கைகளை ஏற்றுவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் இயன்றவரை பரந்த பொதுமன்னிப்பு வழங்க முயலும்படி கேட்கும் 1977ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறையில்தான் சேரவில்லை.

மூன்றாம் உறுப்புரை இரு தரப்பையும் கட்டும். வன்னியில் புலிகள் பிடித்து வைத்திருந்த படையினரும், மாற்றுக் கருத்துக்காக அவர்கள் அடைத்து வைத்த தமிழரும் அதற்குள் வருகிறார்கள். அண்ணாவுக்காக அதைக் கேட்கும் நாம் அவர்களுக்காகவும் கேட்டே ஆக வேண்டும். மகனுக்கு இதையும் சொல்லுங்கள்.

இனி அண்ணாவின் வழக்கு. நம் சாதாரண சாட்சியச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிவு செய்தால் செல்லும் என்கிறது. அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் சுமையும் கைதியின் தலையில்தான். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் மேசையில் அப்படிப்பட்ட வாக்குமூலம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஆறு பக்கமும் சிங்களத்தில் தட்டச்சு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் ஒரு கையெழுத்து, முதல் பக்கத்தில் தெளிவாக, கடைசிப் பக்கத்தில் கோடு போல. அந்தப் பையனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

‘இன்றியமையாத நீதிப் பாதுகாப்பு’ என்ற சொற்களுக்கு ஏதாவது பொருள் இருக்குமானால், அந்த ஆறு பக்கங்களை மட்டும் வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. ‘2009இல் ஏன் விடவில்லை’ என்பதைவிட, ‘எதை வைத்துத் தண்டித்தீர்கள்’ என்ற கேள்விக்குத்தான் சட்டத்தில் வலு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அண்ணாவிடம் தீர்ப்பின் பிரதி இருக்கிறதா? தடுப்புக்காவல் உத்தரவு, சிறைக்கு வந்த செஞ்சிலுவைக் குழு பதிந்து கொடுத்த அட்டை, எது இருந்தாலும் எறிந்துவிடாமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை, அவருக்குப் பேச மனம் வரும் நாளில் மட்டும் கேளுங்கள். தாள்களை எனக்கு அனுப்பினால் வாசித்து, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடமும் காட்டிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.