அம்மாவை மருந்துச் சோதனையில் சேர்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய். புது மருந்துச் சோதனையில் சேரச் சொல்லி ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இன்றைக்கே போட வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

மருந்துச் சோதனைகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு ஒன்றில் இத்தகைய படிவங்களை வாசிப்பவன் நான். சேர்பவர்களில் ஒரு பிரிவினருக்குப் பெரும்பாலும் புது மருந்து கிடைக்காது; அவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்ற வரியைத்தான் முதலில் தேடுவேன். யாருக்கு எது என்பது பெரும்பாலும் குலுக்கல் முறைதான். சில சோதனைகளில் யாருக்கு எது போகிறது என்று டாக்டருக்கே தெரியாது. அம்மா இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் அரசுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் இந்தப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். எண் இல்லையென்றால் சேரவே வேண்டாம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரச் சொல்கின்றன மருந்துச் சோதனைகளுக்கான 2019 அரசு விதிகள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

டாக்டர் மனம் கோணுமே என்று மட்டும் சம்மதிக்காதீர்கள். எல்லாம் கேட்டபின் அம்மாவே விரும்பினால், தாராளமாகச் சேரட்டும்.