முயல்கறி இருக்கட்டும், மேடு ஏறும்போது நெஞ்சு அடைப்பது எத்தனை நாளாக?

உங்கள் கடிதத்தில் முயலுக்கு ஒரு பக்கம், காடைக்கு அரைப் பக்கம், அப்புறம் ஈமு, வாத்து எல்லாம் வருகின்றன. கடைசிக்கு முந்தின வரியில் போகிற போக்கில் இதை எழுதியிருக்கிறீர்கள்: “காலையில் பால் வெட்ட ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் ஏப்பம் வந்து சரியாகிவிடும். வாயுதான்.”

அதைப் படித்ததும் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். உங்கள் மனைவி எடுத்தார். நீங்கள் தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களுக்கும், இதே அடைப்போடு குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் மேடு ஏறிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கு வயது 51. ஆறு வருடமாகச் சர்க்கரை. எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்டிரால் 168. அப்பா 53 வயதில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை. பீஃபை விட்டு முயலுக்கும் காடைக்கும் மாறிவிட்டால் அப்பாவுக்கு வந்தது எனக்கு வராதுதானே என்பதுதான் உங்கள் கேள்வி. நேராகக் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அதுதான் இருக்கிறது. என் பதில்: இறைச்சியை மாற்றியது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அந்த அடைப்பை இந்த வாரமே பரிசோதித்துக்கொள்வது காப்பாற்றக்கூடும்.

வாயுவுக்கு மேடும் சமதளமும் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் வரும், படுத்திருந்தாலும் வரும். மேடு ஏறினால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் போய், மறுபடி ஏறினால் மறுபடி வருவது வேறு விஷயம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். ஏறும்போது இதயம் இன்னும் கேட்கிறது, குழாயால் கொடுக்க முடியவில்லை. அந்தப் பற்றாக்குறைதான் அடைப்பாகத் தெரிகிறது. உங்களுக்கு ஏப்பம் வந்ததால் சரியாகவில்லை. நீங்கள் நின்றதால் சரியானது, அந்த நேரத்தில் ஏப்பமும் வந்தது, அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வலியாகவே வராமல் போகலாம். மூச்சு வாங்குவதும், தாடை இழுப்பதும், மேல்வயிற்றில் ஒரு கனமும் மட்டும் இருக்கும்.

இரண்டு வருடம் முன்பு உங்கள் வயதில் ஒருவர் என்னிடம் வந்தார். எங்கே அடைக்கிறது என்று கேட்டேன். விரலால் ஓர் இடத்தைக் காட்டவில்லை. கையை மடக்கி முஷ்டியாக நடு நெஞ்சில் அழுத்தி, “இப்படி இறுக்கும் டாக்டர், சோடா குடிச்சா போயிரும்” என்றார். முஷ்டியை அப்படி வைத்துச் சொல்பவர்களை நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இ.சி.ஜி. சரியாகவே இருந்தது, அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். டிரெட்மில்லில் ஏற்றினால் நான்காவது நிமிடத்தில் கோடு மாறியது. இரண்டு குழாய்களில் அடைப்பு. இன்று நன்றாக இருக்கிறார், தோட்டத்துக்கும் போகிறார். அதனால் சொல்கிறேன், படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். “ஏறும்போதுதான் வருகிறது” என்று சொல்லுங்கள். எக்கோ ஸ்கேனா, டி.எம்.டி. என்கிற அந்த டிரெட்மில் சோதனையா, ஆஞ்சியோகிராமா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்வார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போதும், எங்கெங்கோ அலைய வேண்டாம். அது முடியும்வரை மேடு ஏறக்கூடாது, பால் வாளியைத் தூக்கக்கூடாது.

இதற்கிடையில் அடைப்பு உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நின்றும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போகாவிட்டாலோ, குளிர்ந்த வியர்வையோடு வந்தாலோ, அது மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுக்காதீர்கள், மகன் பின்னால் உட்கார்ந்தாலும் வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் ரத்தக்கசிவோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதல் வேளை மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையம் எது என்று மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்தது எனக்குக் கோபம் வந்த இடம். வீடியோ பார்த்து, கொலஸ்டிராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையை மூன்று மாதம் முன்பு நிறுத்தியிருக்கிறீர்கள், கல்லீரல் கெட்டுவிடும் என்று. அதற்குப் பதிலாகப் பூண்டு, இஞ்சி, வினிகர் கஷாயம். சிலருக்குக் கல்லீரல் அளவுகள் கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் தானே இறங்கும். கல்லீரலுக்குப் பெரிய கேடு மிக அரிது. குழாய் அடைபடுவது அரிதே இல்லை. உடம்பின் கொலஸ்டிராலில் பெரும்பங்கைச் செய்வது கல்லீரலே, சாப்பாட்டிலிருந்து வருவது சிறு பங்கு. அதனால்தான் பீஃபை விட்ட பிறகும் உங்கள் எல்.டி.எல். பெரிதாக இறங்கவில்லை. உங்களைப் போன்ற ஒருவருக்கு அது 70-க்குக் கீழே வர வேண்டும். எந்தக் கறியும் அங்கே கொண்டுபோய் விடாது. எழுதிக் கொடுத்த மாத்திரையை அதே அளவில் இன்று ராத்திரியே திரும்பத் தொடங்குங்கள். வயிற்றுக்கு வாங்கிப் போடும் கேஸ் மாத்திரையை விடுங்கள், அது உண்மையை மறைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, இறைச்சிக்கு வருகிறேன். பண்ணை முயல் நல்ல இறைச்சிதான். பச்சைக் கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், 5 அல்லது 6 கிராம் கொழுப்பு. காடையைத் தோல் உரித்தால் கொழுப்பு 4 அல்லது 5 கிராம், தோலோடு சமைத்தால் 12 கிராம். வாத்தைத் தோலோடு சாப்பிடவே வேண்டாம், அதன் கொழுப்பெல்லாம் தோலில்தான். ஈமு பறவையானாலும் சிவப்பு இறைச்சி வகை, கொழுப்பு குறைவு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. நம் பக்கம் பீஃப் என்று வாங்குவதில் எருமையும் இருக்கிறது. கொழுப்பு வெட்டி நீக்கிய எருமைக்கறியில் 100 கிராமுக்கு ஒன்று, இரண்டு கிராம் கொழுப்புதான். முயலைவிடக் குறைவு. கடைக்காரரிடம் கொழுப்பும் ஜவ்வும் இல்லாத துண்டு கேட்டு, மூளையும் குடலும் வேண்டாம் என்றால் மாதத்தில் ஓரிரு நாள் அதையே சாப்பிடலாம்.

உங்கள் கொழுப்பு வருவது விலங்கிலிருந்து அல்ல, உருளியிலிருந்து. முயல்கறி எப்படி வைக்கிறீர்கள் என்று உங்கள் மனைவியிடம் கேட்டேன். கொழுப்பில்லாத கறி சட்டென்று வறண்டு நார் நாராகிவிடும், அதனால் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டு, தேங்காய்க் கொத்தும் போட்டு வறுப்பதாகச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், என் வீட்டிலும் அந்த மணம் இல்லாவிட்டால் இறைச்சி இறைச்சியாக இருக்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அரைக் கிலோ முயல்கறியில் மொத்தமாகவே 8 கிராம் அளவுக்குத்தான் நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் அது 35 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 20 கிராமுக்குள் இருப்பது நல்லது. கறியை மண்சட்டியில் மூடி, சின்ன உள்ளியும் நல்லமிளகும் போட்டு அதன் சாற்றிலேயே மெதுவாக வேகவிடச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் கடைசியில் ஒரு தேக்கரண்டி, மணத்துக்கு மட்டும்.

காட்டு முயலும் மிளா என்கிற காட்டு மானின் கறியும் மலைப்பக்கம் ரகசியமாகக் கிடைக்கிறது, அது சுத்தமானது என்கிறீர்கள். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையும் குற்றம், வாங்குவதும் குற்றம். கால்நடை மருத்துவர் யாரும் பார்க்காத கறி, ஈயக் குண்டின் துணுக்கும் உள்ளே இருக்கலாம். தொடாதீர்கள்.

காடை சூடு என்பதையும், முயல்கறி மட்டும் தின்றவர்கள் செத்துப்போனார்கள் என்ற வீடியோவையும் மறந்துவிடுங்கள். இரண்டாவது, வாரக்கணக்கில் கொழுப்பில்லாக் கறியைத் தவிர வேறு எதுவுமே கிடைக்காதவர்களுக்கு வந்த கேடு. நீங்கள் சோறும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிடுகிறவர். ஆனால் தினமும் ஆறு காடை முட்டை வேண்டாம். ஒன்றில் 75 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருக்கிறது, ஆறு என்றால் இரண்டு கோழி முட்டைக்கு மேல். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாளை (மத்தி) மீனோ அயிலை மீனோ வாங்கிக் குழம்பு வையுங்கள். குளச்சலில் இருந்து காலையில் வரும் சாளை உங்கள் இதயத்துக்கு எந்தப் பண்ணை இறைச்சியையும்விட நல்லது, விலையும் குறைவு. வறுக்காமல் இருந்தால் சரி.

நாளைக் காலை தோட்டத்துக்கு மகன் போகட்டும். நீங்கள் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும், நிறுத்திய மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு, ஆசாரிப்பள்ளத்துக்கு மனைவியோடு முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். ஸ்டாப்பில் இருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை மெதுவாக நடங்கள். அடைத்தால் அங்கேயே நின்று, அவரை உள்ளே போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.