பழைய படம், புதிய வாசிப்பு: பின்னணி இசை பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள்

மாதத்தில் ஒரு ஞாயிறு ஹட்டனில் கூடி இசை கேட்கிறோம். இந்த முறை கேட்டது பழைய ஹொலிவூட் படங்களின் பின்னணி இசை. படத்தில் வரும் ஒலியை அப்படியே போடவில்லை. அதே இசையைப் பிற்கால ஆர்க்கெஸ்ட்ராக்கள் முதலிலிருந்து வாசித்துப் பதிந்த தட்டுகளைப் போட்டோம். மழை பிடித்துக்கொண்டதால் பலர் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாயிற்று. எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (தலவாக்கலை, உயர்தர வகுப்பு மாணவன்): சேர், படத்திலேயே இசை இருக்கிறதே. பிறகு ஏன் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும்?

தம்பி, எழுதப்பட்ட இசை முழுவதும் படத்தில் காதுக்கு எட்டுவதில்லை. 1930களிலும் 40களிலும் படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகத்தான் ஒலியைப் பதிந்தார்கள். இரைச்சல் தெரியாமலிருக்க, தியேட்டரில் கூரிய மேல் ஒலிகளை வேண்டுமென்றே குறைத்தும் விட்டார்கள். அதற்கு மேல் வசனம், குதிரைக் குளம்பு, வாள் மோதும் சத்தம். நடிகர் வாய் திறந்தவுடன் இசையை இறக்கிவிடுவார்கள்.

1938இல் வந்த ராபின் ஹூட் படத்துக்கு எரிக் கோர்ன்கோல்ட் எழுதிய இசை ஒஸ்கார் பெற்றது. அந்தப் படத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அப்புறம் வில்லியம் ஸ்ட்ரோம்பெர்க் மொஸ்கோ சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிந்ததைக் கேட்டேன். வயலின்களுக்கு அடியில் ஹோர்ன்கள் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. இத்தனை காலமும் அது அங்கேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கேள்வி (பண்டாரவளை, ஆசிரியை): ஐயா, எதிலிருந்து தொடங்கலாம்?

டீச்சர், கோர்ன்கோல்டின் பட இசைகளைச் சேர்த்து, சார்ல்ஸ் கெர்ஹார்ட் இசைக்குழுவை நடத்திப் பதிந்த ‘த சீ ஹோக்’ தொகுப்பிலிருந்து. 1972இல் வெளிவந்தது. லண்டன் கிங்ஸ்வே மண்டபத்தில் நேஷனல் பில்ஹார்மொனிக் வாசித்தது. தயாரித்தவர் கோர்ன்கோல்டின் மகன் ஜோர்ஜ். அப்பா எழுதியதை மகன் பக்கத்தில் நின்று சரிபார்த்துப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலிருந்தும் சில பகுதிகளே இருக்கும், ஆனால் முதல் தடவை கேட்பவருக்கு அந்த அளவுதான் சரி. ஒரு படத்தின் முழு இசையையும் முதல் நாளே போட்டுக் கேட்டால் அலுத்துவிடும்.

கேள்வி (கினிகத்தேனை, வேன் சாரதி): அண்ணன், வெள்ளைக்காரர்களைக் கித்துல்கலவுக்குக் கூட்டிப் போகிறேன். எல்லாரும் பாலம் இருந்த இடத்தில் நின்று அந்த விசில் பாட்டை அடிக்கிறார்கள். அது அந்தப் படத்துக்கு எழுதியதா?

இல்லை தம்பி. அது ‘கேர்னல் போகி’ என்ற இராணுவ அணிநடை இசை. கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் ஓர் ஆங்கிலேய பாண்ட் மாஸ்டர் 1914இல் வெளியிட்டது. களனி கங்கையில் எடுத்த ‘குவாய் நதிப் பாலம்’ 1957இல் வந்தபோது அதற்கு இசையமைத்தவர் மல்கம் ஆர்னல்ட். ஏறத்தாழ முக்கால் மணி நேர இசைக்கு அவருக்குக் கிடைத்தது பத்தே நாள். விசில் மெட்டுக்கு மேலே சேர்ந்து ஒலிக்கும்படி அவர் தன் சொந்த அணிநடை ஒன்றை எழுதினார். இரண்டும் ஒரே நேரத்தில் போகும், ஒன்றையொன்று மிதிக்காது. படத்தில் நமக்கு விசில்தான் பெரிதாகக் கேட்கிறது.

இதற்காகவே ரிச்சர்ட் ஹிக்கொக்ஸ் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் செய்த பதிவைத் தேடிக் கேளுங்கள். 1992இல் செண்டோஸ் நிறுவனம் வெளியிட்டது. படத்தின் இசையைக் கிறிஸ்டோபர் பாமர் மேடையில் வாசிக்கத் தக்கதாகத் தொகுத்துக் கொடுத்தார். அதில் ஆர்னல்டின் மெட்டு தலை நிமிர்ந்து நடக்கும். அடுத்த பயணத்தில் கித்துல்கல இறக்கத்தில் வேனில் அதைப் போடுங்கள். விசில் அடிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் நடக்கிற இன்னொரு மெட்டையும் காட்டிக் கொடுத்தவர் ஆவீர்கள்.

இதைக் கேட்ட கையோடு இன்னொருவர் ‘எலிஃபன்ட் வோக்’ பற்றியும் கேட்டிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் அந்த 1954 படத்துக்கு இசை ஃபிரான்ஸ் வக்ஸ்மன்.

கேள்வி (கண்டி, புத்தகக் கடை வைத்திருப்பவர்): இசைத்தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா? இல்லையென்றால் எதைப் பார்த்து வாசிக்கிறார்கள்?

என் மனதை மிகவும் வருத்துகிற விஷயம் இதுதான். ஹொலிவூட்டின் எம்ஜிஎம் ஸ்டூடியோ 1970ஐ ஒட்டிய காலத்தில் தன் இசை நூலகத்தையே காலி செய்தது. வாத்தியக்காரர்கள் வைத்து வாசித்த தாள்கள் குப்பையாகப் போய், பள்ளம் நிரப்பும் மண்ணோடு சேர்ந்தன. உலகத்தின் மிகச் சிறந்த வாத்தியக்காரர்கள் சிலர் வாசித்த தாள்கள் அவை. வைக்க இடமில்லை என்பதுதான் காரணம்.

மிஞ்சியவை சுருக்கப் பிரதிகள். எழுபது பேர் வாசிக்கும் இசை மூன்று நான்கு வரிகளில் அடங்கியிருக்கும். ‘இங்கே புல்லாங்குழல்’, ‘இங்கே ட்ரம்பெட்’ என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைக் காதால் பிடித்து எழுத வேண்டும். ஆங்கிலேய இசைக்குழு நடத்துநர் ஜோன் வில்சன் எம்ஜிஎம் இசைப் படங்களை அப்படித்தான் மீட்டார். 2009இல் லண்டன் ப்ரொம்ஸ் இசை விழாவில் தன் ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு அவற்றை வாசித்தார். ஆடுபவர்களின் காலடிச் சத்தத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு கிளாரினெட் வரியைக் கண்டுபிடிக்க எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

‘கிங் கொங்’ (1933) கதை கொஞ்சம் நல்லது. அதற்கு இசையமைத்த மக்ஸ் ஸ்டைனர் கைப்பட எழுதிய வரைவுகள் தப்பின. ஜோன் மோர்கன் அவற்றிலிருந்து முழு இசையையும் மீட்டு எழுத, 1996இல் மொஸ்கோவில் பதிந்தார்கள்.

கேள்வி (நுவரெலியா): ஒரே இசை, ஒரு பதிவில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் போகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். படத்துக்கு வாசிக்கும்போது காட்சி முடியும் வினாடியில் இசையும் முடிய வேண்டும். தனியாகப் பதியும்போது அந்தக் கயிறு இல்லை. பெர்னார்ட் ஹெர்மன் 1960இல் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து ‘சைக்கோ’வுக்கு எழுதினார். 1975இல் அவரே அதை மறுபடி நடத்தியபோது படத்தில் இருப்பதைவிட மெதுவாக எடுத்துச் சென்றார். எழுதியவரே இரண்டு விதமாக வாசித்திருக்கும்போது மூலம்தான் வேதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவரே இசையமைத்த ‘வேர்ட்டிகோ’ (1958) படத்தின் மூலப் பதிவையும் பாருங்கள். அமெரிக்காவில் வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் பாதியை லண்டனிலும் மீதியை வியன்னாவிலும் எடுத்தார்கள். ஜோயல் மெக்னீலி 1995இல் ரோயல் ஸ்கொட்டிஷ் நேஷனல் ஆர்க்கெஸ்ட்ராவுடன் பதிந்தபோது அது ஒரே குழுவின் ஒரே மூச்சாகக் கேட்டது.

கேள்வி (பதுளை): ஏன் மொஸ்கோ, ப்ராக் என்று போகிறார்கள்?

செலவு. அமெரிக்காவில் பழைய பதிவை வெளியிட்டாலே வாத்தியக்காரர் சங்கத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். பல சமயம் ப்ராகில் புதிதாக வாசிப்பது அதைவிட மலிவு. நிக் ரெயின் நடத்திய ப்ராக் பதிவுகளைக் கேட்டால் மலிவு என்ற நினைப்பே வராது.

கேள்வி (இராகலை): அப்பாவின் கசெட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம். போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. பிளேயரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கசெட்டுக்கும் போகும். நம் ஊர் ஈரத்துக்கு இது எல்லா வீட்டிலும் வருகிறது. மற்றக் கசெட்டுகளிலிருந்து பிரித்து, உலர்ந்த பெட்டியில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவரிடமே கணினியில் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவை, வயலின் கற்கும் மாணவி): சேர், நம்முடைய தமிழ்ப் படங்களின் பின்னணி இசையையும் இப்படி வாசிக்க முடியுமா?

முடியும் மகள், தாள் இருந்தால். இளையராஜா தன் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் தானே எழுதுபவர். அதனால்தான் 2000இல் வெளிவந்த ‘ஹே ராம்’ இசையையும் 2005இல் வெளிவந்த திருவாசகத்தையும் புடாபெஸ்டில் தமிழ் தெரியாதவர்கள் வாசிக்க முடிந்தது. அவருக்கு முந்திய பல படங்களில் நம் கைக்கு எட்டுவது படத்தின் ஒலி மட்டும்தான். பாடல்களை மேடைக் குழுக்கள் வாசித்து வாசித்துக் காப்பாற்றிவிட்டன. ஒரு தாய் கதவருகே நிற்கும்போது வருகிற அரை நிமிட வயலினை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. அதை எழுதி வைக்க வேண்டும்.

நீங்களே தொடங்கலாம். வசனம் இல்லாத ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் கீழ் சுரம் வராது. முதலில் அடியில் போகும் பாஸ் வரியை எழுதுங்கள், பிறகு மேல் மெட்டு, கடைசியில் நடுவில் இருப்பவை. சந்தேகமான சுரத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். எழுதியதை அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வயலின் இரண்டு பேரும் புல்லாங்குழல் ஒருவரும் நம்மிடம் இருக்கிறார்கள், பாஸ் வரியை நான் கீபோர்டில் வாசிக்கிறேன்.