அன்றாட எரிச்சல்களை விட்டுவிடுவது எப்படி? துன்ப காலத்தில் மனிதர்களின் கனிவை எங்கே காண்பது?

வாசலை மறித்து நிறுத்தப்படும் வண்டி, மேல்வீட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், பேருந்தில் கைப்பேசியை உரக்க ஒலிக்கவிடும் பயணி என்று நாள் முழுவதும் மனம் கசந்துபோகிறது, செய்திகளைப் பார்த்தால் அதைவிடக் கசக்கிறது, இவற்றுக்கு நடுவில் எப்படி நிம்மதியாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுமையாக இருங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பொறுமை என்ற பெயரில் நம்மில் பலர் செய்வது எரிச்சலை உள்ளே அடக்கி வைப்பதுதான். அடக்கி வைத்தது பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில், பெரும்பாலும் வீட்டிலுள்ள பிள்ளைகளின் மேல், வெளிப்படுகிறது. அண்டை வீட்டார் மேல் வரும் எரிச்சலுக்கு அவர்கள் செய்யும் தவறு ஒரு காரணம் என்றால், அந்தத் தவறைத் தவிர அவர்களைப் பற்றி நமக்கு வேறெதுவும் தெரியாமலிருப்பது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

நான் சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாறு ஆற்றங்கரையிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள ஓர் அடுக்ககத்தில் வசிக்கிறேன். எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மையார் பால்கனி முழுவதும் செடி வளர்க்கிறார். அவர் ஊற்றும் தண்ணீர் மண்ணோடு சேர்ந்து வடிந்து, தரைத்தள வீட்டார் கட்டியிருந்த துணிக்கொடியில் விழும். காலையில் துவைத்துப் போட்ட பள்ளிச் சீருடையில் செம்மண் கறை படிந்தால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது? இரு வீட்டாரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பெயர் போடாத புகார்ச் சீட்டுகள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது, ஏற்கெனவே நவம்பர் முழுவதும் பெய்த மழையில் நிரம்பியிருந்த ஆறு அதைத் தாங்கவில்லை. அன்றிரவு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியபோது மின்சாரமும் இல்லை, சற்று நேரத்தில் கைப்பேசித் தொடர்பும் போய்விட்டது. தரைத்தள வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தார் என்பதே எங்களில் சிலருக்கு அப்போதுதான் தெரியும். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறும்போது, டார்ச் விளக்கோடு எதிரே இறங்கி வந்தவர் அந்த இரண்டாம் மாடி அம்மையார்தான். “நேரா என் வீட்டுக்குக் கொண்டு வாங்க, கட்டில் காலியாத்தான் இருக்கு” என்றார்.

அதற்கடுத்த நாட்களில் அவர் செய்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கு அவரைப் பற்றித் தெரிய வந்தது. பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் துடைத்துவிடுவது, புரையேறாமல் கஞ்சி புகட்டுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலையாக இருந்தது. பக்கவாதத்தில் விழுந்த தம் கணவரைப் பல ஆண்டுகள் அவர் ஒருவராகவே பார்த்துக்கொண்டிருந்தாராம். செடி வளர்க்கத் தொடங்கியதும் கணவர் இறந்த பிறகுதான். ஒரே படிக்கட்டில் நாள்தோறும் ஏறி இறங்கிய எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. கீழ்த்தொட்டியில் சாக்கடை கலந்து, மோட்டாரும் ஓடாத நிலையில், செடிகளுக்கென்று அவர் பிடித்து வைத்திருந்த டிரம் தண்ணீர்தான் அந்த மாடி வீடுகளின் கழிப்பறைகளுக்குப் பயன்பட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு எல்லோரும் ஒரே குடும்பமாகிவிட்டோம் என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது. வண்டி நிறுத்துவதில் தகராறு பொங்கலுக்குள்ளேயே மீண்டும் தொடங்கிவிட்டது. செடித் தண்ணீரும் இன்றுவரை சொட்டத்தான் செய்கிறது. ஆனால் தரைத்தள வீட்டுப் பெண் இப்போது சீட்டு எழுதுவதில்லை; நிமிர்ந்து பார்த்து, “அக்கா, துணி காயுது, ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க” என்கிறார், மேலிருந்து “சரிம்மா” என்று பதில் வருகிறது. எரிச்சலை விடுவது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தவறு தவறாகவே இருக்கிறது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அதை முகம் பார்த்துச் சொல்லிவிட முடிகிற உறவு வந்துவிட்டால் மனத்துக்குள் அது புளித்துக்கொண்டிருப்பதில்லை. இதற்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்கள் மேல்வீட்டுக்காரரைப் பற்றி, அந்தத் தண்ணீரைத் தவிர, உங்களுக்கு இன்னும் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால், புகார் எதுவும் கையில் இல்லாத ஒரு நாளில் போய்ப் பேசுங்கள். புகாரோடு போய்ப் பேசும் முதல் பேச்சு எங்கேயும் நல்லபடி முடிந்து நான் பார்த்ததில்லை.

கனிவை எங்கே காண்பது என்ற இரண்டாவது கேள்விக்கு, 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிய அந்த டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லி அடித்துச் செல்லப்பட்டிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போடுவதற்கு முன்பே, பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் தங்களிடமிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து சமைத்து அந்தப் பயணிகளுக்குப் போட்டார்கள். அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது, அடுத்த மூட்டை அரிசி எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது.

இத்தகைய நேரங்களில் மட்டும் மனிதர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்பது அப்போது ஐயமறத் தெரிகிறது, அது நம் கையால் ஆகக்கூடியதாகவும் இருக்கிறது: பசிக்குச் சோறு, குளிருக்குப் போர்வை, ஏறிப்போக ஒரு படகு. 2015-இல் பைபர் படகுகளோடு வந்து தெருத்தெருவாக மக்களை மீட்ட சென்னை மீனவர்களும், வழிபாட்டு இடங்களைத் திறந்துவிட்டு யார் என்ன என்று கேட்காமல் தங்க வைத்த பள்ளிவாசல்களும் அப்படித்தான் இயங்கினார்கள். சாதாரண நாட்களில் பக்கத்து வீட்டாரின் தேவை கதவுக்குப் பின்னால் இருக்கிறது, நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. 2015 சென்னை வெள்ளத்தில் ஒரு பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றவர்களும் இருந்தார்கள். அதை அன்றாட எரிச்சல்களின் வரிசையில் சேர்த்து மறந்துவிட முடியாது. வெளி மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்டு, நாம் தொடவும் அஞ்சிய குப்பையை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு உரிய கையுறைகூடக் கிடைக்கவில்லை என்பதையும், அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பிழைப்பையும் பள்ளியையும் விட்டுத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டதையும் நினைக்கும்போது எனக்கு வரும் கோபம் குறையவில்லை, குறையவும் வேண்டாம். சீருடையில் விழுந்த கறைக்குச் செலவழிக்கும் கோபத்தை மிச்சப்படுத்தினால் இவற்றைக் கேட்பதற்கு நம்மிடம் தெம்பு இருக்கும்.

பேருந்தில் உரக்க ஒலிக்கவிடும் அந்நியரைப் பற்றி நமக்கு எதுவும் தெரிய வரப் போவதில்லை. இரண்டு நிறுத்தங்களில் இறங்கிவிடுவார். “சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா” என்று சாதாரணக் குரலில் ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலானவர்கள் குறைத்துவிடுகிறார்கள். குறைக்காவிட்டால் இடம் மாறி உட்காருங்கள், வீட்டுக்குப் போய் அதைத் திரும்பச் சொல்லாதீர்கள்.